வீராயியின் இடப்பக்கம்

வீராயி உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். முதுகு சுவரில், கால்கள் நீட்டி, கைகள் மடியில். தலைமேல் துணியைச் சுருட்டிய சும்மாடு, சும்மாட்டின்மேல் அரிசிப் பை. பை சரியவில்லை. நட்டு வைத்த கல்போலக் கழுத்து நேராக நின்றது. மூச்சு வந்து போவதைப் பார்த்தால்தான் ஆள் உயிரோடிருப்பது தெரியும்.

நெல்லித்தோப்புச் சந்துக்குள் பால்காரர் நுழையும் நேரம். மருமகள் தீபலட்சுமி விளக்கைப் போட்டாள். கையில் அரிசி அளக்கும் டம்ளர். மாமியாரின் பக்கத்தில் நின்று, தலைமேலிருந்த பையின் கட்டை அவிழ்த்து, உலைக்கு வேண்டியதை மொண்டாள். மூடிய கண்களுக்குக் கீழிருந்து குரல் வந்தது.

“பாத்து எடு. லேசாச்சுன்னா ஆடும்.”

“சோறு வேணுமா வேணாமா அத்த?”

“வேணும். எடுத்த எடைக்கு உப்புப் பாக்கெட்ட வெச்சுட்டுப் போ.”

தீபலட்சுமி உப்புப் பாக்கெட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். முதல் தடவை இதைச் செய்தபோது பாதி அரிசியைத் தரையில் சிந்தினாள். பிறகு பழகிவிட்டது. வீட்டில் நோயாளி இருந்தால் எந்த விபரீதமும் கொஞ்ச நாளில் வீட்டு வழக்கமாகிவிடும். பால்காரருக்குத்தான் பழகவில்லை. ஒருமுறை ஜன்னல் வழியே உள்ளே பார்த்தார். மறுநாளிலிருந்து பாலை முனை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

பகலில் பார்த்தால் வீராயியிடம் ஒரு கோளாறும் தெரியாது. பெரிய மார்க்கெட்டில் தலைச்சுமை தூக்குகிறவள். ஐம்பதைத் தாண்டியவள். உயரம் குறைவு, தோள் அகலம், பின்கழுத்தின் இரண்டு பக்கமும் கயிறு முறுக்கியதுபோல் தசை. லாரியிலிருந்து இறங்கும் காய்கறி மூட்டையைத் தலையில் வாங்கி, மீன்காரிகளின் வரிசையையும் பூக்கடைகளையும் தாண்டி உள்கடைகளில் கொண்டுபோய் இறக்குவாள். செருப்புப் போட்டவர்கள் வழுக்கி விழும் ஈரத் தரையில் வெறுங்காலோடு போவாள். ‘வழி, வழி’ என்று கத்துவதில்லை. தொண்டைக்குள் ‘ம்’ என்று ஒரு சத்தம். கூட்டம் விலகும்.

கூர்ந்து பார்த்தவர்களுக்குச் சில வித்தியாசங்கள் தெரிந்தன. எல்லோரையும் வலப்பக்கம் வைத்துக்கொண்டுதான் பேசுவாள். யாராவது இடப்பக்கம் வந்து நின்றால் சுற்றி நடந்து இடம் மாற்றிக்கொள்வாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலை திரும்பாது. பீரோவை நகர்த்தியதுபோல உடம்பு மொத்தமாகத் திரும்பும். மார்க்கெட் நடுவிலிருக்கும் மணிக்கூண்டை நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். நேரம் வேண்டுமென்றால் வாழைப்பழக்காரரிடம் கேட்பாள்.

“தோ, மேல பாரு, மணிதான் இருக்குதே” என்றார் அவர்.

“நிமிந்தா அது எம்மேல சாயுது.”

அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பழத்தாரைக் கொஞ்சம் தள்ளி மாட்டினார்.

ஷேர் ஆட்டோவில் வீராயி இடது ஓரமாக உட்காருவாள். ஓரக் கம்பிக்கும் தனக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டிருப்பாள்.

“தள்ளி உக்காரும்மா, அந்தாண்ட எடம் கெடக்குது இல்ல?”

“ஆளு இருக்கு.”

கண்ணாடியில் பார்த்த டிரைவர் வண்டியை எடுத்தார்.

அந்த ஆளின் பெயர் அன்னக்கிளி. மாசி மாதமே இறந்துபோனவள்.

தலையில் ஏறிவிட்ட பாரத்தை ஒருத்தி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் சுமந்துவிடலாம். அதைத் தன் தலையில் தானே ஏற்றிக்கொள்ள மட்டும் முடியாது. சும்மாட்டை வைத்துக் கழுத்தை நிமிர்த்தி அவள் காத்திருக்க வேண்டும். லாரிக்காரன் ஒரு பக்கம் மூட்டையைக் கொடுக்க, இன்னொருத்தி மறுபக்கம் வாங்கி, நடுமண்டை பார்த்து மெதுவாக உட்கார வைக்க வேண்டும். அதனால் மார்க்கெட்டில் பெண்கள் ஜோடி போட்டுத்தான் சுமப்பார்கள். ஜோடி சேர்ந்தவர்கள் சும்மாட்டுத் துணியை மாற்றிக்கொள்வதும் உண்டு. ஒருத்தியின் பழைய புடவை இன்னொருத்தியின் தலையில் இருக்கும். வீராயியின் சும்மாடு அன்னக்கிளியின் பச்சைக் கட்டம் போட்ட புடவை. கல்யாணமாகி டவுனுக்கு வந்த நாளிலிருந்து இருவரும் ஜோடி. அன்னக்கிளி எப்போதும் இடப்பக்கம்தான் நிற்பாள். அவள் இறக்கும் மூட்டை, பூனை வந்து உட்காருவதுபோல் தலையில் உட்காரும்.

மதியத்தில் லாரி ஓய்ந்ததும் காலிச் சாக்கை விரித்து இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுப்பார்கள். அங்கேயும் அன்னக்கிளி இடப்பக்கம். அன்றைக்கு ஒரு வண்டி முன்கூட்டியே வந்துவிட்டது. சத்தம் கேட்டு வீராயி இடப்பக்கம் புரண்டு அவள் தோளைத் தட்டினாள்.

“ஏய், எழுந்துருடி. வண்டி வந்துடுச்சு.”

தட்டிய பக்கம் தோள் சாய்ந்தது. உடம்பில் வெயிலின் சூடு இருந்தது. வேறு சூடு இல்லை. கண் பாதி திறந்து வீராயியைப் பார்த்தபடி இருந்தது. தூக்கத்தில் நெஞ்சு நின்றிருக்க வேண்டும். ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் வீராயி வேலைக்குப் போனாள். அதற்கு மறுநாள் விடியற்காலை, பாயில் இடப்பக்கம் புரண்டாள். ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு வீடு கிளம்பியது.

பசியில் கண் இருட்டுவது, சட்டென்று எழுந்தால் தள்ளாடுவது, இவற்றையும் தலைசுற்றல் என்றுதான் சொல்கிறோம். இது அந்த வகை இல்லை. கூரை தரைப் பக்கம் வந்தது, தரை சுவரில் ஏறியது, சுவர் மறுபடி கூரைக்குப் போனது. பாயைப் பிடித்தாள், பாயும் சுற்றியது. பாயின் இடது ஓரத்தை யாரோ பிடித்துக்கொண்டு தன் பக்கம் இழுப்பதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம்தான். ஓய்ந்தபின் பார்த்தாள். அலமாரியில் அடுக்கிய டம்ளர்கள் அடுக்கியபடி இருந்தன. காலண்டர்கூட ஆடவில்லை. சுற்றியதைவிட அதுதான் அவளைக் கலக்கியது.

புருஷன் கிருஷ்ணசாமி, தான் வேலை பார்த்த மில் மூடிய பிறகு நோணாங்குப்பம் படகுத்துறையில் காவலுக்கு இருப்பவர். இருட்டும் தண்ணீரும் அவருக்குப் பழக்கம், லேசில் பயப்பட மாட்டார். அவள் முனகல் கேட்டு விளக்கைப் போட்டு முகத்தைப் பார்த்தவர் ஓரடி பின்வாங்கினார். அவள் முகம் அசையவில்லை. கருவிழிகள் மட்டும் விட்டுவிட்டுத் துள்ளித் திருகிக்கொண்டிருந்தன. அவளாக அதைச் செய்யவில்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

“கண்ண உள்ளேருந்து யாரோ திருகுறாங்க” என்று மருமகளை எழுப்பிச் சொன்னார்.

அடுத்த முறை அது வந்தபோது தீபலட்சுமி செல்போனில் படம் பிடித்தாள். படம் சொந்தக்காரர்கள் குரூப்புக்குப் போனது. விழுப்புரத்திலிருந்து ஒரு அண்ணி, தூக்கம் வரவில்லை, அதை அழித்துவிடு என்று குரல் பதிவு அனுப்பினாள்.

வலப்பக்கம் புரண்டால் ஒன்றுமில்லை. இடப்பக்கம் புரண்டால் தவறாமல் வந்தது. குனிந்தால் வந்தது, அண்ணாந்தால் வந்தது. வீராயி ஒவ்வொன்றையும் செய்து பார்த்துத்தான் முடிவுக்கு வந்தாள். பெரும்பாலான நோயாளிகள் முட்டாள்கள் இல்லை. தங்களுக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகவே யோசிக்கிறார்கள், தெரிந்தது போதாமல் போய்விடுகிறது.

“அவ எடம் அது. நான் போய்ப் படுத்தா எழுப்புறா. நான் அவள எழுப்புனேன் இல்ல, அந்த மாதிரி” என்றாள்.

அதோடு படுப்பதை நிறுத்தினாள். ஒருநாள் கடையிலிருந்து அரிசிப் பையைத் தலையில் கொண்டுவந்தவள், அசதியில் அதை இறக்காமலே சுவரோரம் உட்கார்ந்தாள். அப்படியே கண் அசந்துவிட்டது. விழித்தபோது வீடு நின்ற இடத்தில் நின்றது. பாரம் இருந்தால் உலகம் நகராது என்பது அன்றைக்கு அவள் கண்டுபிடித்தது. பங்குனி போய், சித்திரை வெயில் போய், ஆடி பிறக்கும்வரை அந்த வீட்டில் அரிசிப் பைக்கு அதுதான் இடம்.

ஊருக்கு வெளியே பேய் ஓட்டும் பூசாரி ஒருவரிடம் கிருஷ்ணசாமி அவளைக் கூட்டிப்போனார். பூசாரி கூந்தலை அவிழ்த்துவிட்டு, வேப்பிலையால் அடித்து, அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் சுழற்றினார். தலைசுற்றல் உள்ளவளை இதைவிடக் கெடுதலாகப் பிடித்து ஆட்ட முடியாது. கோயில் மொத்தமும் அவளைச் சுற்றிப் பறந்தது.

“யாரு நீ? பேரச் சொல்லு.”

“வாந்தி வருது. தள்ளி நில்லுயா.”

பூசாரி நகரவில்லை. அதற்கான பலன் அவர் வேட்டியில் விழுந்தது. அதைக்கூட அவர் பெரிதுபடுத்தவில்லை. அவள் கண்களைப் பார்த்தபிறகுதான் கையை எடுத்தார்.

“லேசுப்பட்ட ஆளு இல்ல இது. ஆடி அமாவாசைக்குக் கூட்டியாங்க. உச்சி முடிய எடுத்து அந்தப் புளியமரத்துல வெச்சு ஆணி அடிச்சுடலாம். அப்பறம் எங்கியும் போவாது.”

புளியமரத்தில் ஏற்கெனவே நிறைய ஆணிகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு கொத்து முடி. சில நரைத்தது, சில கருப்பு, ஒன்றில் ரிப்பன்கூட இருந்தது. காற்றில் எல்லாம் ஒரே பக்கமாக அசைந்தன. வீராயி வாயைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த மரத்தைப் பார்த்தாள்.

திரும்பி வரும் வழியில் புருஷனிடம் ஒரே கேள்வி கேட்டாள். “ஆணி அடிச்சா, அவ அங்கியே நிக்கணுமா?”

“ஆமா. அதுக்குத்தான அடிக்கிறது.”

“மழையிலயுமா?”

கிருஷ்ணசாமி நடையை எட்டிப் போட்டார்.

அமாவாசை நெருங்கியது. கிருஷ்ணசாமி பூசைச் சாமான் வாங்க ஆரம்பித்தார். தீபலட்சுமி வேலை பார்ப்பது ஒரு மருந்துக் கடையில். மாமியாருக்குத் தலைசுற்றல் மாத்திரை அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மாத்திரை குமட்டலைக் குறைத்தது, சுற்றலை நிறுத்தவில்லை. தினமும் விழுங்கியதில் பகலெல்லாம் மந்தமாக இருந்ததுதான் மிச்சம். கடைக்காரர் செல்போன் படத்தைப் பார்த்துவிட்டு, சீட்டில்லாமல் இனிக் கொடுக்க மாட்டேன், காது டாக்டரைப் பார் என்று சொல்லிவிட்டார். அவள் வீட்டில் வந்து சொன்னாள்.

“காதா? தலை சுத்துறதுக்குக் காத இன்னாத்துக்குப் பாக்கணும்? எனக்கு நல்லாதான் கேக்குது” என்றாள் வீராயி.

“அமாவாச கழியட்டும், அப்பறம் காதப் பாக்கலாம், மூக்கப் பாக்கலாம்” என்றார் கிருஷ்ணசாமி.

“இல்ல. அமாவாசைக்கு முன்னாடி போவணும்.” வீராயியின் குரலில் இருந்த அவசரம் இருவரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. “எங்கூட அத்தன வருசம் தூக்குனவ. அவள மரத்துல வெச்சு அடிக்க உடமாட்டேன். இது இங்கியே சரியாவணும்.”

டவுனில் ஒரு ஆஸ்பத்திரி. காது மூக்குத் தொண்டை டாக்டர் கார்குழலி நடுத்தர வயதுக்காரர், கேள்வி கேட்டுக்கொண்டே நடையையும் முகத்தையும் பார்க்கிறவர். தலையில் சும்மாட்டோடு வந்து உட்கார்ந்த வீராயியைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. பேச்சு எப்போதாவது குழறியதா, பொருள் இரண்டிரண்டாகத் தெரிந்ததா, ஒரு பக்கம் கை கால் இழுத்ததா என்று கேட்டார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்தார். காது அடைப்பு உண்டா, இரைச்சல் உண்டா என்றார்.

இந்தக் கேள்விகள் வீண் இல்லை. தலைசுற்றலோடு வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் விளங்காமல் போனாலோ அது மூளையின் சமாச்சாரம், ஒரு நிமிஷமும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காது மந்தமாகி இரைச்சலோடு மணிக்கணக்கில் சுற்றினால் அது வேறு நோய். சளிக் காய்ச்சலுக்குப் பின் நாள்கணக்கில் விடாமல் சுற்றினால் அது இன்னொன்று. வீராயிக்கு வருவது ஒரு நிமிஷத்துக்குள் அடங்குவது, ஒரே பக்கம் வருவது.

“தலையில அடி ஏதாச்சும் பட்டுச்சா?”

“இல்ல.”

“விழுந்தீங்களா?”

“நான் விழுந்ததே இல்ல. மார்க்கெட்ல கேட்டுப் பாருங்க.”

“படுங்க. கட்டில் ஓரத்துல தலை வெளிய தொங்கணும். சும்மாட்ட எடுத்துடுங்க.”

வீராயி சும்மாட்டை எடுத்து மருமகளிடம் கொடுத்தாள். இரண்டு கையிலும் வாங்கும்படி கொடுத்தாள். “தலையத் தொங்கப் போட்டுப் படுக்கறதா? செத்தவளக்கூட அப்படிக் கெடத்த மாட்டாங்களேம்மா.”

“கெடத்த மாட்டாங்க. அவங்களுக்குத் தலை சுத்தாதே.”

டாக்டர் அவள் தலையை இடப்பக்கம் பாதி திருப்பிப் பிடித்தபடி, சட்டென்று மல்லாத்தினார். தலை கட்டில் விளிம்புக்குக் கீழே இறங்கியது. “கண்ண மூடாதீங்க.” ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு கருவிழிகள் துள்ளின. மேல்நோக்கி வெட்டி, வட்டமாகத் திருகி, நின்று, மறுபடி துள்ளின. வெள்ளை வெளிச்சத்தில், நாலு சுவருக்குள், மின்விசிறி ஓடும் சத்தத்தில் பார்த்தும் தீபலட்சுமி சும்மாட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

“வந்துட்டா” என்றாள் வீராயி, மிக மெதுவாக.

“யாரும் வரல. நீயும் ஓடாதம்மா, கிட்ட வந்து பாரு” என்றார் டாக்டர். கண்கள் தணிந்து நின்றதும் வீராயியை எழுப்பி உட்கார வைத்தார். பிறகுதான் விளக்கினார். “காதுக்குள்ள ஆழத்துல மாவு மாதிரிச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கல்லு இருக்கும். உங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும் இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே வளைஞ்ச குழாய், உள்ள தண்ணி. கல்லு எடம் தப்பி அந்தக் குழாய்க்குள்ள விழுந்துடுச்சு. நீங்க இடப்பக்கம் சாஞ்சா அது உருண்டு தண்ணியத் தள்ளுது. உடனே காது மூளைக்கு, சுத்துறோம் சுத்துறோம்னு தாக்கல் சொல்லுது. கண்ணு அத நம்பி ஓடுது.”

“அப்ப வீடு சுத்தல.”

“வீடு அங்கியேதான் இருக்கு.”

“பாய யாரும் இழுக்கல.”

“இல்ல.”

வீராயி மருமகளின் கையிலிருந்த சும்மாட்டைப் பார்த்தாள். “அப்ப பாரம் வெச்சா ஏன் நிக்குது?”

“பாரம் இருந்தா நீங்க கழுத்தச் சாய்க்க மாட்டீங்க. கழுத்து சாயலன்னா கல்லு உருளாது. அதோட போவவும் போவாது. படுத்துப் புரண்டாலே நிறையப் பேருக்கு அது தானா எடத்துக்குப் போயிடும். நீங்க மாசியிலேருந்து தலைமேல மூட்டைய வெச்சு அத உள்ளயே பூட்டி வெச்சிருக்கீங்க.” டாக்டர் அவள் காதுக்குப் பின்னால் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் வீராயியின் முகம் சுளித்தது. “இங்க இன்னா ஆச்சு?”

“அது ஒண்ணும் இல்ல.”

“சொல்லுங்க.”

“கருமாதி முடிஞ்சு வேலைக்கு வந்தேன் இல்ல, அன்னிக்கு அன்னக்கிளி எடத்துல லோடுமேன் ராஜாதான் தூக்கி உட்டான். பூசணிக்கா மூட்ட. அவனுக்கு இன்னா தெரியும் பாவம். நடுமண்டையில வெக்கத் தெரியாம பொடனியாண்ட நங்குனு எறக்கிட்டான். பொறி கலங்கிப் போச்சு. அப்பறம் நானே தலைய ஆட்டி சரி பண்ணிக்கினேன்.”

டாக்டர் விரலை எடுத்தார்.

“அடி பட்டுச்சான்னு கேட்டேனே?”

“இது அடி இல்லையே” என்றாள் வீராயி, நிஜமாகவே குழம்பி. “இது பாரம்.”

டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். வயது, எலும்புத் தேய்மானம், வெகுநாள் படுக்கை, தலையில் பட்ட அடி என்று கல் இடம் தப்புவதற்குக் காரணங்கள் பல. பாதிப் பேருக்குக் காரணமே தெரியாது. வீராயிக்குத் தெரிந்திருந்தது. தலை என்பது மூட்டை இறங்கும் இடம் என்று வாழ்ந்தவளுக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை.

சிகிச்சைக்கு ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. மறுபடி இடப்பக்கம் தலையைத் திருப்பி மல்லாத்தித் தொங்கவிட்டார்கள். சுற்றியது. வீராயி மருமகளின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. அடங்கும்வரை டாக்டர் தலையை அசையாமல் தாங்கிப் பிடித்துக் காத்திருந்தார். பிறகு தலையை மெல்ல வலப்பக்கம் திருப்பினார். மறுபடி காத்திருந்தார். பிறகு உடம்போடு வலது தோள்மேல் உருட்டி, மூக்கு தரையைப் பார்க்கும்படி வைத்தார். படுப்பதை நிறுத்திய பிறகு முதல்முறையாக வீராயி தன் இடப்பக்கத்துக்கு முதுகைக் காட்டியபடி படுத்திருந்தாள். பிறகு எழுப்பி உட்கார வைத்தார்கள்.

கொஞ்சம் ஓயவிட்டு, டாக்டர் அவளை மீண்டும் இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். எல்லோரும் அந்தக் கண்களைப் பார்த்தார்கள். கண்கள் கூரையைப் பார்த்தபடி, சாதாரணக் கண்களாக, நின்றன.

“ரெண்டு நாளைக்கு மெதக்கற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. திரும்ப வந்தாலும் வரும், வந்தா வாங்க, இதையே திரும்பச் செய்யலாம். கால் நிதானம் வர்ற வரைக்கும் சுமை வேணாம். இந்த மாத்திரைய நிறுத்துங்க. எலும்புக்கு ஒரு ரத்தச் சோதனை எழுதித் தரேன். முக்கியமா, வீட்டுல போய்ப் படுங்க.”

“எந்தப் பக்கம்?”

“எந்தப் பக்கம் வேணும்னாலும்.”

திரும்பும் ஷேர் ஆட்டோவில் அவள் வழக்கம்போல் இடது ஓரத்தில், ஒரு சாண் விட்டு உட்கார்ந்தாள். வழியில் ஏறிய ஒரு பெண், பூக்கூடையை அந்த இடைவெளியில் செருகினாள். தீபலட்சுமி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். வீராயி கூடையைப் பார்த்தாள். அதை அங்கேயே இருக்க விட்டாள்.

வீட்டில் கிருஷ்ணசாமி எலுமிச்சம்பழங்களை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அமாவாசைக்கு எங்கியும் போவல. கல்லாம் அது. காதுல” என்றாள் வீராயி.

“கல்லா?” அவர் நம்பவில்லை. “அப்ப அன்னக்கிளி?”

வீராயி முந்தானையை உதறிக்கொண்டு நின்றாள்.

“அவதான் செத்துப் போயிட்டாளே.”

மாசிக்குப் பிறகு அவள் அதைச் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஆடி அமாவாசை அன்று டவுனில் பாதிப் பேர் இறந்தவர்களுக்குத் தண்ணீர் விடக் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். சந்து வெறிச்சென்றிருந்தது. கிருஷ்ணசாமி பூசாரிக்கு ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எலுமிச்சம்பழங்கள் ஊறுகாய் ஜாடிக்குள் போயிருந்தன. அரிசிப் பை அடுப்படி மூலையில், எல்லா வீட்டு அரிசிப் பைகளையும்போல, தரையில் இருந்தது.

மதியம் வீராயி பாயை விரித்தாள். முதலில் மல்லாந்து படுத்தாள். பிறகு வலப்பக்கம். பிறகு பாயின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மெல்ல, இடப்பக்கம் புரண்டாள். மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். காலண்டர் ஆடவில்லை. டம்ளர்கள் அடுக்கியபடி இருந்தன. எதிரே வெறும் தரை, அப்பால் சுவர். சுவர் சுவராகவே இருந்தது.

எழுந்து உட்கார்ந்தாள். மறுபடி இடப்பக்கம் சாய்ந்தாள், இந்த முறை வேகமாக, வேண்டுமென்றே. தலையைக்கூட ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

அடுப்படியிலிருந்து தீபலட்சுமி எட்டிப் பார்த்தாள். “சுத்துதா அத்த?”

“இல்ல.”

“நல்லதாப் போச்சு, தூங்குங்க.”

வீராயி தூங்கவில்லை. எழுந்துபோய் ஆணியில் மாட்டியிருந்த சும்மாட்டை எடுத்துவந்தாள். சுருளை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். பச்சைக் கட்டம் நடுவில் மட்டும் வெளுக்காமல் இருந்தது. அதைத் தனக்கு இடப்பக்கம், பாயின் ஓரத்தில், ஆள் நீளத்துக்கு விரித்தாள். சுருக்கங்களை நீவிவிட்டாள். தான் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து இடம் விட்டுப் படுத்து, அதன் பக்கமாகப் புரண்டாள். பிறகு கையை நீட்டி, தோள் இருக்க வேண்டிய இடத்தில், மெதுவாக இரண்டு முறை தட்டினாள்.